ஒலியன் பிரிக்கும்போது கோட்டை விடும் இடங்கள்

புதிய மொழி ஒன்றின் ஒலியமைப்பை ஒலியன்களாக, அதாவது சொல்லின் பொருளை மாற்றும் ஒலி அலகுகளாக, பிரிக்க இறங்குபவர்களின் நோட்டுகளில் அதே பழைய பிழைகள்தான் மறுபடி மறுபடி கண்ணில் படுகின்றன. எழுத்து வேறு, ஒலி வேறு என்பது முதல் வகுப்புப் பாடம், அதை விட்டுவிடுவோம்.

கேட்டதைத் தமிழ் எழுத்தில் குறிப்பது

எரிச்சல் தருவது இதுதான், ஏனென்றால் பிறகு சரிசெய்ய வழியே இருக்காது. இந்திக்காரர் ஒருவரிடம் சொற்பட்டியல் எடுக்கிறார்கள். கணம், பழம், வலிமை என்ற பொருளில் மூன்று இந்திச் சொற்கள். நோட்டில் மூன்றும் ‘பல்’ என்று உட்கார்ந்திருக்கின்றன! முதல் சொல்லில் வெறும் ப. இரண்டாவதில் உதடு பிரிந்ததும் மூச்சு சீறிக்கொண்டு வரும் (சிலர் அதை ‘ஃபல்’ என்றே சொல்வதுண்டு). மூன்றாவதில் உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிரத் தொடங்கிவிடும். இந்தியில் இவை மூன்றும் தனித்தனி ஒலியன்கள். நானூறு சொல் இப்படி எழுதிவிட்டு, பேசியவரும் ஊர் திரும்பிவிட்டால், அந்த நோட்டை வைத்து என்ன செய்வது?

குற்றம் எழுத்தின் மேல் மட்டுமில்லை. கல், பக்கம், தங்கம், நகம் எல்லாவற்றிலும் நாம் எழுதுவது ‘க’வைத்தான், வாயில் வருவது வேறு வேறு. எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால் நம் காது கவனிப்பதில்லை. வலி, வளி, வழி மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்திக்காரர் திணறுவதும் இதே கதைதான்.

முதல் நாளிலிருந்தே ஐ.பி.ஏ. (அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கு) குறிகளில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் பேசுபவரின் வாய்க்கு நான்கு விரற்கடை முன்னால் மெல்லிய தாள் துண்டைப் பிடியுங்கள். மூச்சொலிக்குத் தாள் துடிக்கும். அதிர்வைப் பார்க்க, அவர் தன் விரலையே தொண்டையில் வைத்துச் சொல்லட்டும். ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும், எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக.

சொற்களை வரிசையாகச் சொல்ல வைப்பது

பட்டியலாகச் சொன்னால் கடைசிச் சொல்லில் குரல் தானாக இறங்கும். சீனம் போன்ற தொனி மொழியில், அதாவது குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றும் மொழியில், அந்த இறக்கத்தைத் தொனி என்றே எழுதிவிடுவார்கள். எல்லாச் சொல்லையும் ஒரே வாக்கியத்தின் நடுவில் வைத்து, மும்முறை சொல்லச் சொல்லுங்கள். வாக்கியத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்தில் இரண்டு அசைக்கும் மூன்றாம் தொனிதான், ஆனால் பக்கத்தில் இன்னொரு மூன்றாம் தொனி வருவதால் முதல் அசை இரண்டாம் தொனியாக மாறிவிடுகிறது.

ஒரே இடத்தில் வராதவை எல்லாம் ஒரே ஒலியன் என்பது

இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹ’ அசையின் தொடக்கத்தில் மட்டும் வரும். ‘ங்’ அங்கே வரவே வராது. அதற்காக இரண்டையும் ஒன்றாக்க முடியுமா? ஒலிப்பிலும் ஒற்றுமை இருக்க வேண்டும்.

கடன்சொல்லைக் கலப்பது

தனிப் பக்கம் போடுங்கள். பந்து என்ற நம் சொல்லையும், தொண்டை அதிரும் ப-வோடு இந்தியிலிருந்து வந்த பந்த் (கடையடைப்பு) என்பதையும் ஒரே பட்டியலில் வைத்தால் தமிழின் கணக்கே குழம்பிவிடும்.