ஆரஞ்சில் பூசணம்: மருந்துத் தொட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பக்கம் ஒரு ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில், பூசணம் பிடிக்காமலிருக்கப் பழத்தை முக்கி எடுக்கும் மருந்துத் தொட்டி என் பொறுப்பு. வேலைக்கு வரும் நம்ம பையன்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணா, எவ்வளவு மருந்து ஊத்தணும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பழம் பறித்து எவ்வளவு நேரமாச்சு என்பதுதான்.

ஆரஞ்சை அழுக வைக்கும் பச்சைப் பூசணம் கீறல் இல்லாத தோலைத் துளைத்துக்கொண்டு போகாது. கத்தரி முனை, நகம், நீளமாக விட்ட காம்பு, பெட்டிக்குள் கிடக்கும் மணல், இவை போட்ட கீறல் அதற்குப் போதும். பூசணத்தின் வித்து முளைத்து ஆழமாக இறங்கிவிட்டால் மருந்து எட்டாது. அதனால் பறித்த 24 மணி நேரத்துக்குள் பழம் தொட்டிக்கு வந்தாக வேண்டும். மழையில் நனைந்த பழத்தைப் பறிக்கவே வேண்டாம், தோல் சீக்கிரம் அடிபடும்.

அழுகினதை முதலிலேயே பொறுக்கி, பையில் கட்டி வெளியேற்றுங்கள். பூசணம் பூத்த ஒரே பழத்தில் 100 கோடிக்கு மேல் வித்து இருக்கும். ஷெட்டுக்குள் உதறினால் வரிசை முழுக்கப் பரவும்.

அடுத்து குளோரின் தண்ணீர். அதன் பிஎச் (அமில, கார அளவு) 7-ஐ ஒட்டி இருக்கட்டும், ஏறினால் குளோரின் மந்தமாகிவிடும். தண்ணீரில் மிதக்கும் வித்தைத்தான் அது கொல்லும். கீறலுக்குள் போனதை ஒன்றும் செய்யாது. கழுவிய பழத்தில் தண்ணீர் வடியட்டும். ஈரத்தோடு போனால் மருந்து நீர்த்துப்போகும்.

இமாசலில் (imazalil) என்பது பூசணத்தைக் கொல்லும் மருந்து. தொட்டியில் அதன் வழக்கமான அளவு 500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு. உங்கள் கேனில் ஒட்டியிருக்கும் லேபிள் வேறு சொன்னால் லேபிள்தான் சட்டம். காலையில் சரியாகக் கலந்தது சாயங்காலமும் அதே அளவில் இருக்காது: பழம் மருந்தை இழுக்கும், ஈரம் தண்ணீரைச் சேர்க்கும். அளந்து பார்த்து ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம். தயபெண்டசோல் என்ற இன்னொரு பூசண மருந்து வேறு மாதிரித் தொல்லை. அது கரையாத தூள், கலக்காமல் விட்டால் அடியில் படிந்துவிடும். சனி ஞாயிறு தொட்டி சும்மா கிடந்தால், திங்கட்கிழமை முதல் லோடு வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுப் போகும். பழத்துக்குப் பூசும் மெழுகில் இமாசலிலைக் கலந்தால் 2000 பிபிஎம் வரை தேவைப்படும், ஏனென்றால் மெழுகு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெழுகை மட்டும் நம்புகிற ஷெட்டுகள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரே மருந்தை வருஷக்கணக்கில் ஓட்டினால் பூசணம் பழகிவிடும். தயபெண்டசோலுக்கும் இமாசலிலுக்கும் அசையாத ரகங்கள் ஏற்கெனவே உண்டு. ஃப்ளூடயோக்சோனில் என்ற மருந்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சிக்கனம் என்று அளவைக் குறைப்பது அதற்கு நாமே பயிற்சி கொடுப்பது மாதிரி.

பழம் கொழகொழவென்று உருகி, புளித்த வாடையில் ஈ மொய்த்தால் அது புளிப்பு அழுகல் என்ற வேறு நோய். இமாசலில் அதைத் தொடாது. குவாசட்டின் என்ற மருந்துக்கு அது கட்டுப்படும், ஆனால் எல்லா நாடும் அந்த மருந்தை ஏற்பதில்லை. பழம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கேனைத் திறக்க வேண்டும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். கெட்டி மருந்து கண்ணில் பட்டால் கண்ணே கெடும். பழைய தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள், மீன் சாகும்.

ஒவ்வொரு லோடிலும் ஒரு பெட்டியைக் குளிரறையில் வைக்காமல் வெளியிலேயே வையுங்கள். வாரக் கடைசியில் திறந்து பாருங்கள். பூசணம் கத்தரி பட்ட காம்போரத்திலேயே இருந்தால் பறிக்கிற ஆட்களிடம் பேசுங்கள். பெட்டி முழுக்க அங்கங்கே என்றால் தொட்டியை அளந்து பாருங்கள்.