நீலகிரி மொழிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றில் பதிவுசெய்த, படகர் பேசும் படகு மொழிப் பாடலைத் தமிழ் எழுத்தில் படியெடுத்த நான், விவரப் பட்டியலின் மொழிக் கட்டத்திலும் 'தமிழ்' என்றே நிரப்பிவிட்டேன். பின்னொரு நாள் படகப் பாடல்களைத் தேடியபோது அந்தக் கோப்பு அகப்படவில்லை. எழுத்து வேறு, மொழி வேறு என்பதை அறியாதவர் இல்லை, ஆனால் கட்டம் நிரப்பும் அவசரத்தில் அது மறந்துபோகிறது. படகு, தோடா, கோத்தா, இருளம் ஒவ்வொன்றுக்கும் மொழிகளுக்குக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 639-3 என்ற பன்னாட்டுத் தரத்தில் தனிக் குறியீடு உண்டு. அதை மொழிக்கு இட்டு, எழுத்துக்கு வேறொரு கட்டம் வைக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மொழிப் பட்டியலாகக் கொள்வதும் பிழையே. 2011 கணக்கெடுப்பில் படகு கன்னடத்தின் கீழ் சேர்ந்திருக்கிறது. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகள் அதில் தனியே காட்டப்படுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படியெடுக்கத் தமிழ் எழுத்தே போதும் என்று நம்புவது. குரல்நாண் அதிராமல் காற்று மட்டும் உரசிச் செல்லும் லகரம் ஒன்று தோடாவில் உண்டு. அதை 'ல்' என்று எழுதிவிட்டால் மற்ற லகரத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை. 1930களில் இங்கே களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ, ரோமன் எழுத்துகளோடு தனிக் குறிகளைச் சேர்த்தே இம்மொழிகளை எழுதினார். அத்தகைய பக்கங்களை ஸ்கேன் செய்து கொடுத்தால், ஆங்கிலத்துக்குப் பழக்கிய எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள்) அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் தூசி என்றெண்ணித் துடைத்துவிடுகிறது. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் அந்தப் படி ஆய்வுக்கு உதவாது. ஒலிக்கோப்பையும் பன்னாட்டு ஒலியெழுத்து வரியையும் தமிழ்ப் படியோடு பிரியாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு.

தமிழுக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. 'கோத்தர்' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே யூனிகோடு எண்ணாகவும் உள்ளிடலாம், கொம்பு வேறு கால் வேறாக இரண்டு எண்களாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது எளிய தேடல் நிரலுக்கு இரண்டு சொற்கள். தேடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும், இத்தகைய பிரிந்த குறிகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று பேசுபவர் எதைச் சொன்னாரோ அதை மூலத்தில் திருத்தக் கூடாது; மூன்றும் ஒரே ஊர் என்று இணைப்பதற்கு விவரப் பட்டியலில் தனிக் கட்டம் போதும்.

கோத்தகிரிச் சந்தையில் ஒரு மூதாட்டி மகளிடம் படகு மொழியிலும் காய்க்காரரிடம் தமிழிலும் பேசி, விலையை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால், அந்தப் பதிவு முழுவதற்கும் ஒரே மொழிப்பெயர் பொருந்தாது. ஒலிப்பதிவில் நேரவாரியாகக் குறிப்பெழுத உதவும் ஈலான் (ELAN) போன்ற மென்பொருளில் மொழிக்கென ஓர் அடுக்கு அமைத்து, எந்த நொடியில் எந்த மொழி தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும்.