எடை குறைந்த கயாக் துடுப்பு: கையைக் கடிக்காமல் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

கயாக், அதாவது இரண்டு முனையிலும் தட்டுள்ள துடுப்பால் ஓட்டும் சிறுபடகு, வாங்க நினைப்பவர்கள் படகைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். துடுப்பு மட்டும் கடைசியில், கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு எது வருகிறதோ அது. படகின் கனத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். துடுப்பின் கனம் நம் தோளில்தான். அவசரமில்லாமல் போட்டாலே நிமிடத்துக்கு 50 வீச்சு வந்துவிடும், மணிக்கு 3,000. விற்பவர்கள் இதை வைத்து ஒரு கணக்குச் சொல்வார்கள்: துடுப்பில் 300 கிராம் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் 900 கிலோ தூக்குவது மிச்சம் என்று. பெருக்கல் சரிதான். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் துடுப்பு முழுவதையும் நாம் புதிதாகத் தூக்குவதில்லை. ஒரு முனை இறங்கும்போது மறுமுனை ஏறுகிறது. அரை மணி நேரம் ஏரியைச் சுற்றிவிட்டு வருபவருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில்தான் தோள்பட்டை பேசத் தொடங்கும். ஆகவே எவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்போம் என்பதை முடிவு செய்யாமல் எடை குறைந்த துடுப்பைத் தேடுவதே முதல் தவறு.

சந்தை நிலவரம் ஏறக்குறைய இப்படி. அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் பிளேடும் (தண்ணீரைத் தள்ளும் தட்டு) உள்ள மலிவுத் துடுப்பு ஒரு கிலோவைத் தாண்டும், 1.2 கிலோ வரைகூடப் போகும். தண்டு மட்டும் ஃபைபர்கிளாஸ் ஆனால் 900 கிராமை ஒட்டி நிற்கும். கார்பன் இழைத் தண்டும் வலுவூட்டிய நைலான் பிளேடும் என்றால் 800 கிராமுக்குச் சற்று மேலே. தண்டு, பிளேடு இரண்டும் கார்பன் என்றால் 700 கிராம் அல்லது அதற்கும் கீழே. அமெரிக்காவில் முதல் வகை 50 முதல் 80 டாலருக்குள் கிடைக்கும். கடைசி வகைக்கு 400 டாலர் சாதாரணம். இதில் கவனிக்க வேண்டியது, முதல் 300 கிராம் ஓரளவு மலிவாகக் குறைகிறது. கடைசி 100 கிராமுக்குத்தான் பர்ஸ் காலியாகிறது. பணம் அளவோடு இருக்கிறவர் நடு வரிசையில் நின்றுகொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

அப்புறம், அட்டையில் போட்டிருக்கும் எடையை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு நிறுவனம் 220 செ.மீ. நீளத்துக்கான எடையைப் போட்டிருக்கும், இன்னொன்று 230க்குப் போட்டிருக்கும். அதைவிட முக்கியம், எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பது. சுத்தியலின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பிடியின் நுனியைப் பிடித்து ஆட்டுங்கள்; பொருள் ஒன்றுதான், கைக்குத் தெரியும் கனம் வேறு. 850 கிராம் துடுப்பு இரண்டில் ஒன்றின் கனம் தண்டின் நடுவிலும் மற்றொன்றின் கனம் பிளேடுகளிலும் இருந்தால், இரண்டாவதுதான் சீக்கிரம் களைப்பைத் தரும். கடையில் துடுப்பைக் கையில் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உட்கார்ந்துகொண்டு காற்றிலேயே ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீளத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

எடையைக் குறைக்க மிகச் சுலபமான வழி, தேவைக்கு மேல் நீளமான துடுப்பை வாங்காமல் இருப்பது. பத்து செ.மீ. கூடினால் எடையும் கூடும். அந்த எடை கையிலிருந்து தள்ளியும் போய்விடும். ஆனால் "நான் ஆறடி, எனக்குப் பெரியதாகக் கொடுங்கள்" என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். நீளத்தை முதலில் தீர்மானிப்பது படகின் அகலமும் இருக்கையின் உயரமும். ஆளின் உயரத்தில்கூட இடுப்புக்கு மேலே உள்ள பகுதியைத்தான் பார்க்க வேண்டும். நீண்ட கால்கள் படகுக்குள்ளே நீட்டிக்கொண்டு சும்மாதான் இருக்கப் போகின்றன.

தண்டைத் தாழப் பிடித்து நிதானமாகப் போடுபவருக்கு, 58 செ.மீ. வரை அகலமுள்ள ஒல்லிப் படகில் 210 முதல் 220 செ.மீ. போதும். 70 செ.மீ. அகலம் வரை 220 முதல் 230. அதற்கும் அகலமான பொழுதுபோக்குப் படகில் 240. மேலே உட்காரும் வகை மீன்பிடிக் கயாக்கில், அதுவும் இருக்கை உயரமாக இருந்தால், 250 செ.மீ. வரை வேண்டியிருக்கும். தண்டைச் செங்குத்தாக நிறுத்தி வேகமாகப் போடுபவர்கள் இதிலிருந்து பத்து செ.மீ. குறைத்துக்கொள்ளலாம்.

காற்றடைக்கும் கயாக்கோடு சேர்ந்து வரும் துடுப்பில் இதற்கு நேர்மாறான சங்கடம். பலரும் வாங்கும் இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 படகின் அகலம் 91 செ.மீ.; கூடவே வரும் அலுமினியத் துடுப்பு 218 செ.மீ. படகின் பக்கவாட்டில் விரல் முட்டிகள் உரசுவதும் மடியெல்லாம் தண்ணீர் சொட்டுவதும் இதனால்தான். இப்படிப்பட்ட படகுக்கு 218 செ.மீ. நீளத்தில் விலையுயர்ந்த கார்பன் துடுப்பு வாங்கினாலும் அதே கதைதான். அங்கே நீளம் முதலில், எடை பிறகு.

பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுக்குள் ஒடுங்கிய ஓடைகளில் போகிறவர்களுக்கு நீளமான துடுப்பு வேறு விதத்திலும் தொல்லை: இரண்டு பக்கமும் வேர்களில் மாட்டும். அங்கே பத்து செ.மீ. குறைவாக எடுப்பதில் தவறில்லை.

பிளேடு பெரிதாக இருந்தால் வேகம் கூடும் என்பதும் பாதிதான் உண்மை. பெரிய பிளேடு ஒவ்வொரு வீச்சிலும் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும்; அதை இழுக்கத் தோளில் பலம் வேண்டும். பலம் தீர்ந்த பிறகு அது வெறும் பாரம். நெடுநேரம் போகிறவர்களுக்கும் உடல்வாகு சிறியவர்களுக்கும் குறுகலான, நீளவாக்கிலான சிறிய பிளேடுதான் ஏற்றது. எடையும் அதில் தானாகக் குறைகிறது. தண்டின் பருமனையும் பாருங்கள். சிறிய கை உள்ளவர்களுக்கென்று மெல்லிய தண்டு தனியாகச் செய்கிறார்கள். பருத்த தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் மணிக்கட்டு வலிக்கும், எடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

"கார்பன்" என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. தண்டு மட்டும் கார்பன், பிளேடு பிளாஸ்டிக் என்பது ஒரு வகை. அது நேர்மையான நல்ல சரக்குதான். கார்பனும் ஃபைபர்கிளாஸும் கலந்த தண்டு இன்னொரு வகை. ஃபைபர்கிளாஸ் தண்டின் மேல் கறுப்புக் கட்டம் போட்ட மேலுறை ஒட்டி விற்பதும் உண்டு. பெயர் தெரியாத சரக்கு 950 கிராம் எடையோடு முழுக் கார்பன் என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். தண்டு எதனால் ஆனது, பிளேடு எதனால் ஆனது என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெர்னர், அக்வா பவுண்ட் போன்ற பழைய நிறுவனங்கள் இதைத் தனித்தனியாகவே எழுதியிருப்பார்கள்.

கார்பன் எல்லா இடத்துக்கும் தோதானதும் அல்ல. மெல்லிய கார்பன் பிளேடு பாறையில் அடிபட்டால் விளிம்பு பெயரும், விரிசல் விடும். சிப்பியும் பாறையும் நிறைந்த ஆழமற்ற நீரில், துடுப்பை ஊன்றிப் படகைத் தள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு நைலான் பிளேடுதான் நல்லது.

பணமும் மிச்சம், எடையும் குறைவு என்றால் மரத்தை ஏனோ யாரும் நினைப்பதில்லை. கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கரையொதுங்கிய மரத்தில் செய்த ஒடுங்கிய பிளேடுத் துடுப்பு இன்றும் கடல் கயாக்காரர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே பலகை, இணைப்பு கிடையாது. அளவு எடுப்பதும் உடலை வைத்துத்தான்: இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு நுனி வரும் அளவும், அதற்கு மேல் ஒரு முழமும் நீளம். 170 செ.மீ. ஆளுக்கு ஏறத்தாழ 215 செ.மீ. வரும். நடுப்பிடி தோள் அகலம், பிளேடு கைப்பிடிக்குள் அடங்கும் அகலம், அதாவது 9 செ.மீ.க்குள். மேற்கத்தியச் செஞ்சீடர் என்ற கனமற்ற வட அமெரிக்க மரத்தில் இழைத்தால் ஒரு கிலோவுக்கு உள்ளேயே முடிந்துவிடும். இங்கே நம்மவர்கள் செய்யக்கூடிய தவறு தேக்கை எடுப்பது. உறுதி, அழகு, எல்லாம் சரி. ஆனால் ஒரு கன மீட்டர் சீடர் 370 கிலோ என்றால் தேக்கு 650ஐ நெருங்கும். கணு இல்லாத, நேரான இழையோட்டமுள்ள கனமற்ற மரமாகப் பாருங்கள்.

துண்டுகள், இணைப்புகள்

இரண்டு துண்டுத் துடுப்பு பெரும்பாலானோருக்குப் போதும். நான்கு துண்டாக மடங்குவது பையில் வைக்க வசதி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் கூலியும் குறையலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் எடையையும் கொஞ்சம் ஆட்டத்தையும் கூட்டும். மலிவுத் துடுப்பில் பொத்தான் அமுங்கும் துளை நாளடைவில் தேய்ந்து, வீச்சுக்கு வீச்சு டக் டக் என்று ஆடும். பழையதை வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மாட்டிவிட்டு இரண்டு பக்கமும் எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு பிளேடு தண்டோடு சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தில் விரிசல் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விளிம்பில் கீறல் இருந்தால் கவலையில்லை, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லவேண்டும். நல்ல துடுப்புக்காக உயிர்காப்பு அங்கியில் சிக்கனம் பிடிக்காதீர்கள். உடலுக்குச் சரியாகப் பொருந்தும் அங்கி வாங்கியபின் மிஞ்சுவதுதான் துடுப்புக்கான பணம். அது அலுமினியத்துக்குத்தான் போதும் என்றால் அலுமினியமே இருக்கட்டும். பின்னால் நல்லது வாங்கும்போது இது மாற்றுத் துடுப்பாகப் படகிலேயே கிடக்கும், கடலில் அப்படி ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

கடல் நீரில் போட்டால் ஒவ்வொரு முறையும் இணைப்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பும் மணலும் உள்ளே இறுகினால் இரண்டு துண்டும் ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் உப்பில் அரித்து இன்னும் மோசமாகச் சிக்கும். வழுக்கட்டும் என்று எண்ணெய், கிரீஸ் தடவவே தடவாதீர்கள், மணல் அதில்தான் ஒட்டும்.