வேலூர் கடைக்கும் கம்பெனிக்கும் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்: எதை எடுப்பது, எப்படிப் போடுவது

வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையே தகவல் மறைவாகப் போக உதவும் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டைத் தேடினால் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, இன்னொன்றுக்குச் சில ஆயிரம் கேட்கிறார்கள், மற்றொன்று அதைவிடப் பல மடங்கு விலை. காசு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. தகவலை மறைத்து அனுப்பும் என்கிரிப்ஷன் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதன் வலிமையை முடிவு செய்வது உங்கள் சர்வரின் அமைப்பும் வாடிக்கையாளரின் பிரவுசரும். எத்தனை பெயர்களுக்கு வேண்டும், யார் புதுப்பிப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 1: பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள்

ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் கடைக்குப் பெரும்பாலும் இரண்டே பெயர்கள்தான்: டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) ஒன்று, அதற்கு முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தது ஒன்று. சாதாரண சர்டிஃபிகேட் போதும், ஆனால் இரண்டு பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டால் அந்த முகவரியில் வருகிறவருக்கு எச்சரிக்கைதான் தெரியும்.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு ஆர்டர், மெயில், ஊழியர் போர்ட்டல் என்று சப்டொமைன்கள் இருக்கும். நான்கைந்தைத் தாண்டினால், எல்லா சப்டொமைன்களுக்கும் ஒரே சர்டிஃபிகேட்டாக வரும் வைல்டுகார்டு எடுப்பது வசதி. அது ஒரு மட்டத்தை மட்டுமே மூடும் என்பதை மறக்காதீர்கள். 'ஆர்டர்.கம்பெனி.இன்' அதில் அடங்கும், 'டெஸ்ட்.ஆர்டர்.கம்பெனி.இன்' அடங்காது. முற்றிலும் வேறு வேறு டொமைன்கள் என்றால் மல்டி டொமைன் வகையைக் கேளுங்கள்.

படி 2: டிவி, ஓவி, ஈவி

டிவி (டொமைன் வேலிடேஷன்) வகையில் டொமைன் உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். சர்வரில் ஒரு ஃபைல் வைப்பது, டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற குறிப்பைச் சேர்ப்பது, அல்லது அட்மின் என்று தொடங்கும் டொமைன் மெயிலுக்கு வரும் இணைப்பை அழுத்துவது, இவற்றில் ஏதாவது ஒன்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஓவி (ஆர்கனைசேஷன் வேலிடேஷன்) வகையில் நிறுவனத்தின் பெயர், முகவரி, போன் எண்ணைச் சரிபார்ப்பார்கள். நம் ஊரில் சிக்குவது இங்கேதான். தனி உரிமையாளர் கடை என்றால் ஜிஎஸ்டி சான்றிதழில் லீகல் நேம் இடத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும், கடைப்பெயர் டிரேடு நேம் இடத்தில் இருக்கும். விண்ணப்பத்தில் கடைப்பெயரை மட்டும் எழுதினால் பொருந்தாமல் திரும்பி வரலாம். ஒரு ஆவணத்தில் பழைய கதவு எண், இன்னொன்றில் புதிய எண் என்று இருந்தாலும் அதே தொல்லை. விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

ஈவி (எக்ஸ்டெண்டட் வேலிடேஷன்) இன்னும் கடுமையான சரிபார்ப்பு. முன்பு பிரவுசரின் முகவரிப் பட்டையில் கம்பெனி பெயர் தெரியும். 2019இல் வந்த குரோம் 77 அதை எடுத்துவிட்டது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெளிநாட்டு பையர் கேள்வித்தாளில் ஓவியோ ஈவியோ கேட்டிருந்தால் எடுங்கள். மற்றபடி கடை, லாட்ஜ், கிளினிக் எல்லாவற்றுக்கும் டிவி போதும்.

படி 3: இலவசமா, காசு கொடுத்தா?

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 90 நாள் செல்லும் டிவி சர்டிஃபிகேட்டை இலவசமாகத் தருகிறது. உங்கள் ஹோஸ்டிங்கில் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் சேவை) தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்தால் மூன்று வருடம் நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2026 மார்ச் 15 முதல் புதிதாகத் தரப்படும் எந்த சர்டிஃபிகேட்டும் அதிகபட்சம் 200 நாள்தான் செல்லும். 2027 மார்ச் 15 முதல் அது 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். மூன்று வருடம் என்பது நீங்கள் கட்டும் சந்தாவின் காலம். இடையில் மறுபடி மறுபடி புதிதாக வாங்கி சர்வரில் போட வேண்டும். அதைக் கையால் செய்யும் ஏற்பாடு இனி ஓடாது.

படி 4: போடுவது

முதலில் டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் கணக்கில் இருந்தால் உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். டிஎன்எஸ் உங்கள் கையில் இல்லாமல் இந்த வேலை நகராது.

சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள ஹோஸ்டிங் என்றால், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ் பக்கம் போய் ரன் ஆட்டோஎஸ்எஸ்எல் அழுத்துங்கள். சிவப்பாக நின்றால் பெரும்பாலும் காரணம் டிஎன்எஸ்தான். டொமைனைச் சர்வரோடு இணைக்கும் ஏ ரெக்கார்டு பழைய சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும், அல்லது யார் சர்டிஃபிகேட் தரலாம் என்று சொல்லும் சிஏஏ ரெக்கார்டில் வேறு நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி இருக்கும். சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப முயன்றால் லெட்ஸ் என்கிரிப்ட் சிறிது நேரம் தடுத்துவிடும். பச்சை வந்தபின் டொமைன்ஸ் பக்கத்தில், பழைய ஹெச்டிடிபி முகவரியில் வருகிறவரையும் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பும் ஃபோர்ஸ் ஹெச்டிடிபிஎஸ் ரீடைரக்டை ஆன் செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்கியவர்கள், சர்டிஃபிகேட் கேட்டு அனுப்பும் சிஎஸ்ஆர் கோரிக்கையைத் தங்கள் சர்வரிலேயே உருவாக்குங்கள். கூடவே உருவாகும் பிரைவேட் கீயை (ரகசியச் சாவி) மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ யாருக்கும் அனுப்பாதீர்கள். சர்டிஃபிகேட்டோடு தரும், அதை பிரவுசர் நம்பும் நிறுவனத்தோடு இணைக்கிற இடைநிலை சர்டிஃபிகேட்டையும் சேர்த்துப் போடுங்கள். அதை விட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சரியாகத் திறக்கும் சைட், சில ஆண்ட்ராய்டு போன்களில் எச்சரிக்கை காட்டும். அதனால் மொபைல் டேட்டாவில், போனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

படி 5: போட்டபின் பார்ப்பது

சிஎம்சி பக்கத்து லாட்ஜ் ஒன்றின் புக்கிங் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சர்டிஃபிகேட் சரி, ஆனால் தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. காலண்டருக்கான ஸ்கிரிப்ட் இன்னும் பழைய ஹெச்டிடிபி முகவரியிலிருந்து வருவதால் பிரவுசர் அதைத் தடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி கன்சோலைப் பார்த்தால் மிக்ஸ்டு கன்டென்ட் என்று எழுதியிருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் உள்ள இரண்டு முகவரிகளையும் ஹெச்டிடிபிஎஸ் ஆக்குங்கள். பிறகு பேக்கப் எடுத்துவிட்டு, டேட்டாபேஸில் உள்ள பழைய இணைப்புகளை பெட்டர் சர்ச் ரிப்ளேஸ் பிளகின் வைத்து மாற்றுங்கள்.

சர்டிஃபிகேட் காலாவதியானால் குரோம் திரை முழுக்க 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று காட்டும். கொல்கத்தாவிலிருந்து சிகிச்சைக்கு வர ராத்திரி அறை தேடுகிற குடும்பம் அதைப் பார்த்துவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விடும். லெட்ஸ் என்கிரிப்ட் நினைவூட்டல் மெயில் அனுப்புவதை 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. எனவே மாதம் ஒருமுறை முகவரிப் பட்டையின் இடது ஓரத்து அடையாளத்தை அழுத்தி, சர்டிஃபிகேட் விவரத்தில் முடியும் தேதியைப் பாருங்கள். பத்து நாளுக்கும் குறைவாக இருந்தால் தானியங்கிப் புதுப்பிப்பு நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே ஹோஸ்டிங்காரரை அழைத்து, அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.