டிக்கெட் எடுக்குமுன் இலவச நேரத்தைப் பாருங்கள்

வெளிநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றப் போகிறீர்களா? அருங்காட்சியகத்தைக் காலையில் வைக்காமல், அதன் இலவச நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு 5 முதல் 7 வரையும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பல அருங்காட்சியகங்கள், டிக்கெட் வாங்க வசதி இல்லாதவரும் பார்க்கட்டும் என்று இப்படி நேரம் ஒதுக்குகின்றன. காசு கொடுத்தவர் பார்க்கும் அதே ஓவியங்கள்தான். இரண்டு மணி நேரத்தில் பிராடோவை முழுதாகப் பார்க்க முடியாது; நேராக 12ஆம் அறைக்குப் போய் ஓவியர் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் முன்னால் நில்லுங்கள், அதற்கே போகலாம். ஒவ்வோர் இடத்தின் இணையதளத்திலும் 'கட்டணம்' பக்கத்தின் அடியில் இந்த நேரம் பெரும்பாலும் இருக்கும்.

எல்லா இடத்துக்கும் இது சரிவராது. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு காலை இலவசம்தான், ஆனால் வரிசை அனுமார் வால். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் பேசாமல் டிக்கெட்டே எடுத்துவிடலாம். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அங்கே பொதுக் காட்சிக்கு எந்த நாளிலும் கட்டணம் கிடையாது; சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனி டிக்கெட்.