ஸ்னோபோர்டு பைண்டிங்: சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோ ஸ்னோபோர்டோடு (பனியில் சறுக்கும் பலகை) போகிற சேலத்துக்காரர்கள், பூட்டைப் போர்டோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. போட்டுப் பார்க்கக் கடை இல்லை, மாட்டித்தர ஆளும் இல்லை. வந்த பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போய், விரல் விறைக்கிற குளிரில் பனிமேல் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்குவதுதான் முதல் தவறு. இந்த வேலை முழுவதையும் வீட்டு ஹாலிலேயே முடித்துவிடலாம். கீழே ஒரு ஜமுக்காளம், மேலே போர்டு, காலில் பனிக்குப் போடப்போகிற அதே சாக்ஸும் பூட்டும் இருந்தால் போதும்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், ஸ்கீ பைண்டிங் விழும்போது தானாகக் கழன்று காலை விட்டுவிடும், ஸ்னோபோர்டு பைண்டிங் கழலாது. எப்படி விழுந்தாலும் இரண்டு காலும் போர்டோடுதான் இருக்கும். கோணமோ அகலமோ தப்பாக இருந்தால் முட்டியும் கணுக்காலும்தான் அடிவாங்கும்.

அளவில் நடக்கும் குழப்பம்

நம் ஊர் ஷூ கடையில் சொல்கிற நம்பர் பிரிட்டன் அளவு. ஸ்னோபோர்டு பூட்டும் பைண்டிங்கும் பெரும்பாலும் அமெரிக்க அளவில் வரும். இங்கே 8 போடுகிற ஆணுக்கு அங்கே ஏறத்தாழ 9. பெண்களுக்கான அமெரிக்க நம்பர் வரிசையே வேறு. இந்தத் தொல்லை வேண்டாமென்றால் சென்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, நீளமான விரலின் நுனிவரை அளக்க வேண்டும். 27 செ.மீ. வந்தால் பூட்டில் 27 என்று போட்டிருப்பதைத் தேடலாம்.

பூட்டை முதலில் வாங்குங்கள், பைண்டிங் அதற்குப் பிறகு. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பைண்டிங்கை முதலில் வாங்கினால், பிறகு அதற்கேற்ற பூட்டைத் தேடி அலைய வேண்டும். பல கம்பெனிகளில் ஆண்களுக்கான மீடியம் அமெரிக்க 8 முதல் 11 வரையும், லார்ஜ் 10-லிருந்தும் வரும். 10, 10½ போடுகிறவருக்கு இரண்டுமே பொருந்துவதுபோல் தோன்றும். அவர்கள் அந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பார்க்காமல் ஆர்டர் போடக்கூடாது. வந்ததும் பூட்டை உள்ளே வைத்துப் பாருங்கள். குதிகால் பின்வளைவில் முழுதாகப் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பைண்டிங் சிறியது. ஸ்ட்ராப்பைக் கடைசிப் பல்வரை இழுத்த பிறகும் பூட் பக்கவாட்டில் ஆடினால் பெரியது. இரண்டில் எதுவானாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பைண்டிங்கின் விறைப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவருக்குப் பத்தில் மூன்றிலிருந்து ஐந்துவரை போதும். இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

போர்டில் இருக்கும் துளை

பைண்டிங்கின் நடுவில் வட்டமான டிஸ்க் இருக்கும். அது வழியாகத்தான் ஸ்க்ரூ போர்டுக்குள் இறங்கும். போர்டின் துளைகள் 4×4 அல்லது 2×4 அமைப்பில் இருக்கும். 4×4 என்றால் துளைகளுக்கு நடுவே இரு திசையிலும் 4 செ.மீ., 2×4 என்றால் நீளவாக்கில் 2 செ.மீ. பர்ட்டன் கம்பெனியின் பெரும்பாலான போர்டுகளில் துளைக்குப் பதில் நீளமான ஒரு காடி இருக்கும். அதற்குச் சானல் என்று பெயர், காலுக்கு இரண்டு ஸ்க்ரூ போதும். பர்ட்டனின் பைண்டிங்கிலேயே ஒரு வகை சானலில் மட்டும்தான் உட்காரும். அதை 4×4 போர்டுக்கு வாங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற கம்பெனி பைண்டிங்கைச் சானல் போர்டில் மாட்ட நினைப்பவர்கள், அதற்கான டிஸ்க் பெட்டியிலேயே வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஸ்ட்ராப் இல்லாமல் மிதித்தாலே பூட்டிக்கொள்ளும் ஸ்டெப் ஆன் வகைக்கு அதற்கென்றே செய்த பூட் வேண்டும், சாதாரணப் பூட் அதில் பூட்டாது.

ஸ்க்ரூ

அதிகம் கெடுவது இங்கேதான். ஸ்க்ரூ எம்6 (6 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 1 மி.மீ. தலையில் இருப்பது மூன்றாம் நம்பர் ஸ்டார். வீட்டில் எல்லாரும் வைத்திருப்பது இரண்டாம் நம்பர் ஸ்க்ரூட்ரைவர். அதைப் போட்டு அழுத்தினால் நுனி வழுக்கித் தலை மழுங்கிவிடும், பிறகு கழற்றவும் முடியாது. ஹார்டுவேர் கடையில் மூன்றாம் நம்பர் என்று கேட்டே வாங்குங்கள். டிரில் மெஷினால் முடுக்குவதும் வேண்டாம். மரை பிடித்ததா, மாறி ஏறுகிறதா என்பது கையில்தான் தெரியும்.

ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். 'டக்' என்று மரை இறங்குவது தெரியும். அப்போது வலப்பக்கம் திருப்ப வேண்டும். நான்கையும் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். விரலுக்கு நகராமல் அடம்பிடித்தால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். கழற்றித் திரும்ப வையுங்கள்.

இறுகுவதற்கு முன் குறைந்தது ஐந்து முழுச் சுற்றாவது போக வேண்டும், அதாவது 5 மி.மீ. மரை பிடித்திருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் ஸ்க்ரூ குட்டை, வேகத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். நெட்டையாக இருந்தால் துளையின் அடியில் போய் முட்டும். ஸ்க்ரூ நின்றுவிடும், டிஸ்க் மட்டும் இன்னும் ஆடும். அதை மேலும் முடுக்கினால் போர்டின் அடிப்பரப்பு புடைத்துக்கொள்ளும். முடுக்கி முடித்ததும் போர்டைக் கவிழ்த்து, ஸ்க்ரூ இருக்கும் இடங்களை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் உடனே தளர்த்துங்கள்.

ஒன்று தொலைந்தால் கடையில் கிடைக்கும் எம்6 போல்ட்டைப் போடுவது ஆபத்தான சிக்கனம். தலையின் வடிவம் டிஸ்க்கின் குழிக்குப் பொருந்தாது, நீளமும் மாறும், சாதா இரும்பானால் ஈரத்தில் துருப்பிடிக்கும். பைக் மெக்கானிக்குகள் கழலாமல் இருக்கப் போடும் நீலத் திரவமும் வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக்கில் அது பட்டால் விரிசல் விடும், டிஸ்க்கோ பெரும்பாலும் பிளாஸ்டிக்.

நிற்கும் விதம்

எந்தக் கால் முன்னே என்று தெரியாவிட்டால், சாக்ஸோடு மொசைக் தரையில் ஓடி வந்து சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே போகிற கால்தான் முன்கால். இடக்கால் முன்னே வருபவரை ரெகுலர் என்றும் வலக்கால் முன்னே வருபவரைக் கூஃபி என்றும் சொல்வார்கள். இடம் வலம் மாற்றி மாட்டிவிடுவதும் நடக்கிறது. ஸ்ட்ராப்பை இறுக்கும் ராட்செட் பக்கிள்கள் காலின் வெளிப்புறம் இருக்க வேண்டும்.

இரண்டு பைண்டிங்குக்கும் நடுவே உள்ள அகலத்துக்குப் போர்டில் குறித்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். தரையிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை உள்ள உயரம் நல்ல அளவுகோல். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 50 செ.மீ.யை ஒட்டி வரும். கோணம், முன்கால் +15, பின்கால் −6 என்று தொடங்கினால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும் (+ என்றால் விரல் போர்டின் முன்முனைப் பக்கம் திரும்பும், − என்றால் பின்முனைப் பக்கம்). படத்தில் பார்த்ததை வைத்துப் பின்காலையும் +15-க்குத் திருப்பாதீர்கள். மட்டமாக முட்டியை மடக்கி உட்காரும்போது முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். உள்ளே சாய்ந்தால் கோணத்தை மாற்றுங்கள். டிஸ்க்கில் ஒரு பல் பெரும்பாலும் 3 டிகிரி.

அடுத்து நடுப்படுத்துதல். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பூட்டை உள்ளே வைத்து ஸ்ட்ராப் போட்டுப் பாருங்கள். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் போர்டுக்கு வெளியே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், 1 முதல் 2 செ.மீ. வரை. ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் திரும்புவது எளிதாகவும் மறுபக்கம் இழுபறியாகவும் இருக்கும். கற்றுக்கொள்பவர் தன் மேல்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார். பூட் இல்லாமல் வெறும் பைண்டிங்கைப் பார்த்து நடுப்படுத்தினால் கணக்கு தப்பும். இரு பக்கமும் 3 செ.மீ.க்கு மேல் போனால் போர்டு ஒடுக்கம், சாயும்போது பூட் பனியில் இழுபடும். அதற்கு அகலப் போர்டுதான் வழி.

கணுக்காலுக்குப் பின்னால் நிற்கும் தகடான ஹைபேக்கின் முன்சாய்வைத் தொடக்கத்தில் குறைந்த அளவிலேயே விட்டுவிடுங்கள். கணுக்கால் ஸ்ட்ராப்பின் மெத்தைப் பகுதி பூட்டின் நடுவில் விழும்படி இரு பக்கமும் சரிசெய்ய வேண்டும். பூட்டோடு கால் மணி நேரம் நின்று பாருங்கள். மரத்துப்போனால் ஸ்ட்ராப் இறுக்கம் அதிகம்.

சேலத்து வெயிலில் இறுக்கியது பனியில் அதே இறுக்கத்தோடு இருக்காது. குளிரில் பிளாஸ்டிக் டிஸ்க், ஸ்க்ரூவைவிட அதிகமாகச் சுருங்கும். போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை, முதல்நாள் சறுக்கி முடித்ததும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். ஊர் திரும்பிய பின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்ட்ராப்பைப் பூட்டி, தகரக் கொட்டகையிலோ காருக்குள்ளோ இல்லாமல் நிழலான அறையில் வையுங்கள். அதே கம்பெனியின் உபரி ஸ்க்ரூ நான்கு, வாஷர், ஒரு லேடர் (ஸ்ட்ராப்பின் பல் வைத்த பட்டை) ஆகியவற்றைச் சிறு டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். ஸ்க்ரூட்ரைவரைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பையில், பூட்டுக்குள் திணித்து வையுங்கள்.