பனி உருகிய பிறகு: வரிசை வீடுகளில் வசந்தகாலப் பராமரிப்பும் பொறுப்புப் பங்கீடும்

வரிசை வீட்டில் ஓர் ஓட்டையை அடைக்கக் கிளம்புமுன், அது யாருடைய ஓட்டை என்று தெரிந்துகொள்ள வேண்டும். தனி வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. கூரை முதல் வேலி வரை எல்லாம் அவர் தலையில்தான். டவுன்ஹவுஸ் எனப்படும் வரிசை வீட்டுக் குடியிருப்பிலோ பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டாருடன் பொதுவானவை. கூரை நான்கைந்து வீடுகளின் மேல் ஒரே தொடராக ஓடுகிறது. முன்புறப் புல்லை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆள் வெட்டுகிறார், பின்புறத்தை நாம் வெட்டுகிறோம். பனி உருகித் தண்ணீர் ஓடத் தொடங்கும் வசந்தகாலத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் சோதனைக்கு உள்ளாகிறது, ஏனெனில் தண்ணீர் வீட்டு எண்ணைப் பார்த்து நிற்பதில்லை.

முதலில் ஆவணங்கள்

ஏணியை எடுக்குமுன், வீடு வாங்கியபோது கையில் கொடுக்கப்பட்ட ஆவணக் கட்டைப் பிரியுங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் வரிசை வீடுகள் உரிமையைப் பொறுத்துப் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒரு வகையில் நிலம், கூரை, வெளிச்சுவர் உட்பட முழு வீடும் உங்களுடையது. சங்கம் என்று ஒன்று இருந்தால் அது உட்சாலை, பொதுத் தோட்டம், வடிகால் ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். மற்றது காண்டோமினியம். அதில், ஆவணத்தில் வரையறுத்த எல்லைக்கு உட்பட்ட பகுதி மட்டுமே உங்களுடையது. அந்த எல்லை சில குடியிருப்புகளில் உட்சுவர்ப் பூச்சோடு முடிந்துவிடும், சிலவற்றில் வெளிச்சுவர் வரை நீளும். எஞ்சியவை எல்லா உரிமையாளர்களுக்கும் கூட்டுச் சொத்து. அவற்றைக் கவனிப்பதற்குத்தான் மாதக் கட்டணமும், கூரை மாற்றுவது போன்ற பெருஞ்செலவுகளுக்கெனச் சேர்த்துவைக்கும் இருப்பு நிதியும்.

சச்சரவு பெரும்பாலும் இவற்றுக்கு நடுவே உள்ள இடத்தில்தான் பிறக்கிறது. பின்பக்க மரத்தளம், கார் நிறுத்தும் பாதை, சிறு தோட்டம் ஆகியவை கூட்டுச் சொத்தாக இருந்துகொண்டே ஒரு வீட்டாரின் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். அங்கே யார் பெருக்குவது, யார் வண்ணம் பூசுவது, பலகை இற்றுப்போனால் யார் மாற்றுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று விடைகள் இருக்கக்கூடும். ஆகவே பராமரித்தல், பழுதுபார்த்தல், மாற்றிவைத்தல் ஆகிய சொற்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் ஆவணத்தில் தனித்தனியே தேடிப் படிக்க வேண்டும். சன்னலில் கண்ணாடி ஒருவர் பொறுப்பாகவும் சட்டகம் இன்னொருவர் பொறுப்பாகவும் இருப்பதுண்டு. குழாய்களிலும் மின்கம்பிகளிலும், அவை ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படுகின்றனவா பல வீடுகளுக்குப் பயன்படுகின்றனவா என்பதைப் பொறுத்துப் பொறுப்பு மாறுவது வழக்கம். முன்பு குடியிருந்தவர் தம் செலவில் போட்ட மரத்தளத்தையும் நிலவறை உட்சுவரையும் சங்கத்தின் காப்பீடு பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை; அவற்றை உங்கள் சொந்தக் காப்பீட்டில் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“இதெல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று வேலிக்கு அப்பாலிருந்து வரும் குரலை ஆவணமாகக் கொள்ள வேண்டாம். அப்படி ஒரு சொல்லை நம்பி, பின்பக்கக் கைப்பிடியில் விட்டிருந்த விரிசலை நான் இரண்டு குளிர்காலங்கள் அப்படியே விட்டேன். மூன்றாம் ஆண்டு விதிகளைப் புரட்டியபோது அது முழுக்க என் பொறுப்பு என்று தெரிந்தது. அதற்குள் ஒரு கம்பம் போய் மூன்று கம்பங்கள் இற்றுவிட்டிருந்தன.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இந்தக் கேள்விகளை வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. சங்கம் பொதுவாக உரிமையாளருடன்தான் பேசும்.

தண்ணீர் போகும் வழியே

பொறுப்பு தெளிவானபின், தண்ணீர் முதலில் விழும் இடத்தில் தொடங்கி, அது போகும் வழியிலேயே கீழிறங்கி வாருங்கள். கூரையைத் தரையிலிருந்தபடி ஒரு தொலைநோக்கியால் பார்த்தாலே போதும். மேலெழும்பிய அல்லது காணாமற்போன கூரை ஓடுகள், புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகட்டின் வளைவு, உங்கள் கூரையும் அடுத்த கூரையும் உயரம் மாறிச் சேரும் இடத்து இணைப்பு ஆகிய மூன்றும்தான் முக்கியம். கூட்டுச் சொத்தான கூரையில் நீங்களே ஏறி எதையும் ஒட்டவைக்க வேண்டாம். விழுந்தால் ஆபத்து, விழாவிட்டாலும் பிறகு வரும் கசிவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளே, மேல்மாடிக் கூரைத்தளத்தில் பழுப்புநிறக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பொதுச்சுவரை ஒட்டிக் கறை தெரிந்தால், மரச்சட்டங்களின் வழியே தண்ணீர் நகர்ந்து வந்திருக்கலாம்; ஓட்டை அடுத்த வீட்டின் மேல் இருப்பதற்கும் இடமுண்டு.

அடுத்தது, மழைநீரை வாங்கி வடிகுழாய்க்கு அனுப்பக் கூரை விளிம்பில் ஓடும் பீலி. வரிசை முழுவதற்கும் ஒரே பீலியாக இருந்தால், நடுவீட்டின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் ஓரவீட்டின் வாசலில் கொட்டும். ஒருவர் மட்டும் சுத்தம் செய்வதில் பயனில்லாத வேலைகளில் இதுவே முதன்மையானது. பொறுப்பு உங்களுடையதாக இருந்தால், உறைபனி முற்றிலும் நீங்கியபின் இலைகளையும் ஓடுகளிலிருந்து உதிர்ந்த மணல் போன்ற துகள்களையும் கையுறை அணிந்து அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓரிடத்தில் தேங்கினால் வாட்டம் கெட்டிருக்கிறது; 3 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் சரிவு இருக்க வேண்டும். சாய்வேணியை வைக்கும்போது உயரம் நான்கு பங்கு என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளியிருக்க வேண்டும்; கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இன்றி ஏற வேண்டாம்.

வடிகுழாயின் வாய் அடித்தளத்திலிருந்து ஒன்றரை முதல் 2 மீட்டர் தள்ளித் திறக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வரிசை வீட்டின் குறுகிய முகப்பில், பக்கவாட்டில் 2 மீட்டர் என்பது அடுத்த வீட்டாரின் நிலமாகிவிடும் என்பதால், குழாயைச் சாலையை நோக்கியோ பொது வடிகால் பள்ளத்தை நோக்கியோதான் நீட்ட வேண்டும். எங்கள் வரிசையில் ஒருவர் தம் பூச்செடிகளின் மண் அரித்துப்போகிறதே என்று வடிகுழாயின் முழங்கை வளைவை ஒரு சாண் அளவு திருப்பிவைத்தார். இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி இறுக்கும் வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தத் தண்ணீர் எங்கள் நிலவறையின் மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது; சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, தரைவிரிப்பில் வாடை வந்த பிறகே நாங்கள் கவனித்தோம். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வளைவைப் பழையபடி திருப்பிவைத்ததும் கசிவு நின்றது. சுவர் காய்வதற்கு ஒரு கோடைகாலம் பிடித்தது.

தரையைப் பார்க்கும்போதும் வாட்டம்தான் கணக்கு. அடித்தளத்தை ஒட்டிய மண் குளிர்காலத்தில் அமிழ்ந்திருக்கும். சுவரிலிருந்து முதல் 3 மீட்டரில் தரை 15 சென்டிமீட்டர் தாழ்ந்துசெல்லும்படி மண்ணிட்டுச் சரிசெய்ய வேண்டும். செங்கற்சுவரின் அடிவரிசையில் இடைவெளி விட்டு வைத்துள்ள சிறு துளைகளை மண்ணாலோ பூச்சாலோ மூடிவிடக் கூடாது. சுவருக்குப் பின்னால் சேரும் ஈரம் வெளியேறும் வழி அதுவே. பின்தோட்டங்களுக்கு இடையே ஆழமற்ற பள்ளம் ஒன்று ஓடினால் அதை யாரோ சமன்செய்ய மறந்துவிட்டார்கள் என்று எண்ணி நிரப்பிவிடாதீர்கள். பல வீடுகளின் மழைநீர் அதன் வழியேதான் போகிறது; அதன் குறுக்கே பாத்தி கட்டுவதும் கொட்டகை போடுவதும் அணைகட்டுவதற்குச் சமம். பள்ளம் முடியும் இடத்தில் இரும்புக் கம்பிவலை மூடிய வடிகால் தொட்டி இருந்தால் வலைமேல் படிந்த இலைகளை வாரிவிடுவது யாரும் செய்யலாம். தொட்டியைச் சுற்றி மண் உள்வாங்கியிருந்தால் அதைத் தொடாமல் சங்கத்தின் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

நிலவறைக் குழியில் நீரிறைக்கும் சம்ப் பம்ப் இருந்தால், மழைக்குக் காத்திராமல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மிதவை எழுந்ததும் மோட்டார் ஓடவேண்டும், தண்ணீர் இறங்கியதும் நிற்கவேண்டும். வெளியே போன நீர் திரும்பக் குழிக்குள் வரக் கூடாது.

குளிர்காலத்துக்காக மூடிவைத்த வெளிச்சுவர்க் குழாயைத் திறப்பதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் நிலவறையில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கைவிளக்குடன் நிற்கட்டும். உள்வால்வை மெல்லத் திறக்கட்டும். மற்றவர் வெளியே ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டுக் குழாயை முழுதாகத் திறந்து, அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூட வேண்டும். நல்ல குழாயென்றால் தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு நாலாபுறமும் பீய்ச்சும். விரலால் சிரமமின்றி அடைத்துவிட முடிந்தால், அழுத்தம் வேறெங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது என்று பொருள். அதாவது, பெரும்பாலும் சுவருக்குள் குழாய் வெடித்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. குளிர்காலம் தொடங்குமுன் வடிக்காமல் விட்ட குழாய் அதைத் தாங்குவதில்லை. உறைபனி தாங்கும் வகைக் குழாய்களில் தண்ணீரை அடைக்கும் வால்வு உட்பக்கம் இருப்பதால், திறக்கும்போது மட்டுமே கசிவு தெரியும். குழாய் பொதுச்சுவரை ஒட்டி ஓடினால் முதல் ஈரம் அடுத்த வீட்டில் தோன்றலாம் என்பதால், இந்தச் சோதனையைச் செய்யப்போகிறோம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மரம், சிமெண்ட், காற்றுவழி

மரத்தளத்தில் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, தளம் வீட்டுச்சுவரோடு சேரும் பலகையையும் தூண்களின் அடியையும் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. வண்ணம் பூசுவது உங்கள் வேலையாக இருந்தாலும் எந்த வண்ணம் என்பது உங்கள் விருப்பமாக இல்லாமலிருக்கலாம். டப்பா வாங்குமுன் அனுமதி கேளுங்கள். பனிக்கு இட்ட உப்பைக் கார்ப்பாதையிலிருந்தும் வாகன நிறுத்தத்தின் தரையிலிருந்தும் கழுவிவிட வேண்டும். உயரழுத்த நீர்த்துப்பாக்கி இதற்குத் தேவையில்லை. அது பழைய செங்கல்லின் காரையையும் பெயர்த்துவிடும்.

துணி உலர்த்தும் எந்திரத்தின் காற்று வெளியேறும் வாயில் பஞ்சு அடைத்திருந்தால் தீப்பற்றும் அபாயமுண்டு. பறவைகள் கூடுகட்டும் பருவமும் இதுவே என்பதால் மூடி தடையின்றித் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். புகை எச்சரிப்பானின் பின்புறத்தில் தயாரிப்பு ஆண்டு அச்சிட்டிருக்கும். 10 ஆண்டு கடந்தால் மின்கலத்தை மட்டுமல்ல, கருவியையே மாற்ற வேண்டும். வரிசை வீட்டில் இதை அடுத்த வீட்டாருக்கும் சேர்த்தே செய்கிறீர்கள். குளிரூட்டியின் வெளிப்பெட்டியைச் சுற்றி 60 சென்டிமீட்டர் இடம் விட்டுச் செடிகளை ஒதுக்குங்கள். புல்தரையில் கால் வைத்தால் தடம் பதியும் அளவுக்கு ஈரம் இருக்கும்வரை அங்கே எந்த வேலையும் வேண்டாம்.

அறிவிப்பதும் சேர்ந்து செய்வதும்

நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் குறையைச் சொல்லுங்கள். கோபத்தைச் சொல்ல வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரு பிரச்சினை மட்டும் இருக்கட்டும். தொலைவிலிருந்து ஒரு படமும் அருகிலிருந்து அளவுகோல் வைத்து ஒரு படமும் இணையுங்கள். “பின்பக்கச் சுவரின் வடகிழக்கு மூலையில், தரையிலிருந்து 2 அடி உயரத்தில், செங்கற்களுக்கு இடையே காரை உதிர்ந்துள்ளது, சென்ற வார மழைக்குப்பின் உட்புறம் ஈரம் தெரிகிறது, யாரை எப்போது அனுப்புவீர்கள் என்று தெரிவிக்கவும்” என்று எழுதினால், படிப்பவர் அதை அப்படியே வேலையாளிடம் கொடுத்துவிடலாம். பனி உருகியவுடன் எழுதுவதில் ஓர் ஆதாயம் உண்டு: ஆண்டு வேலைகளுக்கான ஒப்பந்தக்காரர்களை நிர்வாகம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் அமர்த்தும். பனிவாரும் வண்டி பெயர்த்த புல்லையும் உடைத்த விளிம்புக்கல்லையும் அப்போதே படமெடுத்து அனுப்பாவிட்டால், கோடையில் அது யார் செய்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

நிலமும் கூரையும் அவரவருக்கே உரிய குடியிருப்பில், பீலி சுத்தம் செய்ய ஒரே ஆளை வரிசை முழுவதற்கும் அமர்த்துவது சிக்கனமானது. செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, முகப்பின் நீளத்துக்கு ஏற்பப் பிரிப்பதா என்பதை ஆள் வருமுன்பே நான்கு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஓரவீட்டாருக்குப் பீலி மூன்று பக்கமும் ஓடக்கூடும். வேலை முடிந்தபின் இதைப் பேசத் தொடங்கினால் அடுத்த ஆண்டு யாரும் சேரமாட்டார்கள். பொதுச்சுவரில் ஈரம் கண்டால் யார் தவறு என்று தீர்மானிக்குமுன் அடுத்த வீட்டாரை அழைத்துவந்து காட்டி, அவர்கள் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின், பருவத்தின் முதல் பெருமழைக்குக் குடையோடு வெளியே வந்து, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு, பத்து நிமிடம் வரிசையின் முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். பீலி எங்கே வழிகிறது, எந்த வடிகுழாய் சும்மா இருக்கிறது, பள்ளத்தில் தண்ணீர் எந்த வீட்டின் பின்னால் நிற்கிறது என்பதெல்லாம் அப்போது கண்ணெதிரே தெரியும். நனையாமல் கைப்பேசியைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைக் கடிதத்துக்கு அது போதும்.